இடது பெடல்

ஆம்பூர்ப் பக்கத்து மனிதர்கள் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், காலைப் பார்ப்பார்கள். பெண் பார்க்க வந்த பையன் போட்டிருக்கும் ஷூ ஒட்டியதா தைத்ததா, மேல்தோல் ஆடா மாடா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பையன் கறுப்பா சிவப்பா என்ற விசாரணையே நடக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனிக்கோ தோல் கம்பெனிக்கோ போகிற ஊரில் வேறு எதைப் பார்ப்பார்கள்?

கிறிஸ்டினாவுக்கு அந்தப் பார்வை மற்றவர்களைவிட ஒரு படி அதிகம். வீடு, பாலாற்றை ஒட்டிய காலனியில். வேலை, பைபாஸ் ரோட்டிலிருக்கும் ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில். வெளிநாட்டுக்காரன் படத்தை அனுப்புவான். படத்தில் இருப்பதை முதல் ஜோடியாகத் தைத்துக் கொடுக்கிற இடம் அது. அங்கே போய்ச் சேருவது லேசில்லை. லைனில் உட்கார்ந்து ஒரே தையலை வருஷக்கணக்கில் போட்டு, கை ஓடுகிற அழகை மேலே இருக்கிறவர்கள் யாராவது கவனித்தால்தான் உண்டு. இரண்டு தோலைச் சேர்த்தால் சேர்த்த இடம் தெரியக் கூடாது. அதுதான் அவள் தொழில். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், இல்லாத திறமைக்குக் கர்வப்படுகிறவர்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம்.

அவள் புருஷன் அன்பரசனும் அதே கம்பெனிதான். தைத்து வருகிற மேல்தோலைக் கால் அச்சின்மேல் இழுத்துப் பிடித்து ஷூவுக்கு உருவம் கொண்டுவருகிற வேலை. போன ஐப்பசி மழையில் ஓவர்டைம் முடித்துச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனை, சர்வீஸ் ரோட்டில் ஒரு கார் உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடது காலில் தொடையிலும் முட்டிக்குக் கீழேயும் எலும்பு முறிந்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். எலும்பு கூடி எழுந்து நின்றபோது இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகியிருந்தது. முட்டியும் இறுகிப்போயிருந்தது.

கட்டு பிரித்து வந்த முதல் ஞாயிறு, கோலை ஊன்றிக்கொண்டு சர்ச்சுக்குப் போனான். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து எழுந்தது. முன் வரிசைப் பட்டம்மாளுக்கு எப்போதும் குரல் பெரிது. குதிரை மாதிரி இருந்த ஆளு இப்பிடி ஆய்ட்டானே என்று அவள் மனசாரத்தான் வருத்தப்பட்டாள், ஆனால் அது கடைசி வரிசைவரைக்கும் கேட்டது. அன்று மத்தியானம் கிறிஸ்டினாவுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை அப்படியே மூடிவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறு வாரமே, செக்‌ஷன் சாரிடம் கேட்டு வெட்டியதில் மீந்த தோல் துண்டுகளை எடுத்துக்கொண்டு, அவனுக்கு ஒரு கறுப்பு ஷூ தைத்தாள். இடது ஷூவின் உயரத்தில் பாதியைக் குதிகாலில் வெளியே வைத்தாள், மீதியை உள்ளே தக்கையாக ஒளித்துவிட்டாள். முன்பக்கம் வலது ஷூவைப் போலவே மெல்லிசாக இருந்தது. பேன்ட்டை இறக்கி விட்டுக்கொண்டு அவன் நடந்தால், தெரிந்தவர்களே உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த ஞாயிறு பட்டம்மாள் கிறிஸ்டினாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நடக்கிறதே தெரியல என்றாள். அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

மீதி இருந்தது முட்டி.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்குப் பூர்ணிமா என்று பெயர். சின்னப் பெண், ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி. அன்பரசனின் முட்டியை மடக்கி, அவன் பல்லைக் கடித்த இடத்தில் நிறுத்தி, அதற்கும் கீழே கையால் இன்னும் கொஞ்சம் காட்டினாள்.

"இவ்ளோ மடங்கணும்ண்ணா. ஈஸ்டர் முடிஞ்சி வாங்க. அதுக்குள்ள மடங்கலன்னா மயக்கம் குடுத்து நாங்கதான் மடக்கணும். அதுலயும் முழுசா வரும்னு சொல்ல முடியாது."

அன்பரசனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வார்டில் இருந்தபோது பக்கத்துக் கட்டில்காரரை அதற்காகத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். மயக்கம் தெளிந்த பிறகு அவர் போட்ட சத்தம் இவன் காதிலேயே இருந்தது. வேறு வழியே இல்லையா மேடம் என்று கேட்டான். சைக்கிள் ஓட்டுங்கள் என்றாள் பூர்ணிமா. காலையும் சாயங்காலமும் மிதித்தால் தானாக மடங்கும், அதைவிட நல்ல மருந்து இல்லை.

"ஆனா உங்களுக்கு ரெண்டு காலும் ஒசரம் வேற வேறயா இருக்கு. அதுக்கு சைக்கிள்ல—"

"அத விடுங்க மேடம்," என்று கிறிஸ்டினா முந்திக்கொண்டாள். "நாங்க ஷூ கம்பெனி ஆளுங்க. ஒசரத்த நான் பாத்துக்குறேன்." கறுப்பு ஷூவைக் கழற்றி மேஜைமேலேயே வைத்துக் காட்டினாள். அந்தப் பெண் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கிறிஸ்டினா மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே வரிசையில் நிற்கப் போனாள். வரிசை நீளம். திரும்பி வந்தபோதும் ஷூ அந்தப் பெண்ணின் கையில்தான் இருந்தது, கடையில் வாங்கினதுன்னே நெனைப்பாங்கக்கா என்றது. ஊர் திரும்புகிற வழி முழுக்க, பஸ் ஜன்னலோரம், கிறிஸ்டினாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

ரயில்வே கேட்டை ஒட்டி கோதண்டபாணியின் சைக்கிள் கடை. அடிபட்ட சைக்கிளைக் கோணல் எடுத்து அவன் எப்போதோ தயாராக வைத்திருந்தான். அன்பரசனும் அவனும் பள்ளிக்கூடத்துத் தோஸ்துகள். கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமையானால் ஏலகிரி அடிவாரம்வரை சைக்கிளில் போய் வந்தவர்கள். பழைய தோஸ்து பயந்து நிற்பதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. ஸ்பேனரை எடுத்து, சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டான். அவன் கடைக்கு வருகிற எல்லாப் பயத்துக்கும் அவன் கொடுக்கிற மருந்து அது ஒன்றுதான்.

"ரெண்டு காலும் தரையில ஊணிக்கிச்சின்னா பயம் இன்னா பயம்? ஏறு அன்பு."

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி அன்பரசன் ஏறி உட்கார்ந்தான். கால் நன்றாகத் தரைக்கு எட்டியது. பெடலை மிதித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இடது பெடல் மேலே ஏறி வர வர முட்டி மடங்க வேண்டும். சீட் தாழ்வாக இருக்க இருக்க அதிகமாக மடங்க வேண்டும். பாதி வழியில் முட்டி முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பெடலை முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் ஆட்டிக்கொண்டு, முதல் நாள் தையல் மெஷின் பழகுகிற பெண்ணைப் போல உட்கார்ந்திருந்தான். நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது.

சீட்டை ஏற்றிப் பாருங்கண்ணா என்றாள் கிறிஸ்டினா. ஏற்றினார்கள். மேலே முட்டி ஏறக்குறையத் தாண்டியது. ஆனால் பெடல் கீழே போனபோது இடது பாதம் அதை விட்டுவிட்டு அந்தரத்தில் தொங்கியது. கறுப்பு ஷூவின் உயரமெல்லாம் குதிகாலில் இருந்தது. சைக்கிள் மிதிப்பதோ முன்பாதம். ஏற்றினால் கீழே எட்டவில்லை, இறக்கினால் மேலே மடங்கவில்லை. கோதண்டபாணி தலையைச் சொறிந்தான். மூன்று டீ சொன்னான்.

வேறு ஊர்க்காரியாக இருந்தால் அங்கே சைக்கிளைப் பார்த்திருப்பாள். கிறிஸ்டினா ஷூவைப் பார்த்தாள். முன்பக்கமும் உயரமாக இன்னொரு ஷூ தைத்தால் தீர்ந்தது என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சாம்பிள் ரூமில் அவளுக்குப் பக்கத்து இடம் பில்கிஸுக்கு. தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்குவது பில்கிஸின் வேலை. பதினைந்து வருஷமாக இருவரும் மத்தியானம் ஒரே மேஜையில்தான் சாப்பிடுகிறார்கள். பில்கிஸின் தால்ச்சா இந்தப் பக்கம் வரும், கிறிஸ்டினாவின் கருவாட்டுத் தொக்கு அந்தப் பக்கம் போகும். அந்த வாரம் முழுக்கக் கிறிஸ்டினா சாப்பிட்டதாகவே பேர் இல்லை. இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, பழுப்பு நிறத் துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஷூவின் அடிப்பாகமான சோலை அடுக்கடுக்காக ஒட்டி, சுற்றிலும் தைத்து, ஒரு செங்கல்லைப் போல வளர்த்துக்கொண்டே போனாள்.

பில்கிஸ் அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "ஏ கிறிஸ்டி, இது இன்னா இவ்ளோ கனம் கனக்குது? இத கால்ல மாட்டிக்கினு மனுஷன் மிதிப்பானா?"

"மிதிப்பாரு. நீ ஓரத்த சீவிக் குடு."

"பாவம் அன்பு அண்ணன்."

"சீவிக் குடு பில்கிஸ்."

பில்கிஸ் பெருமூச்சு விட்டுச் சீவிக் கொடுத்தாள். அவளும் தொழில்காரிதானே, மனசில் சந்தேகம் இருந்தாலும் கை தப்புப் பண்ணாது. மடிப்பு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாத அளவுக்கு அந்தப் பழுப்பு ஷூ அமைந்துவிட்டது.

ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்தபோது பாதம் எட்டியது. கிறிஸ்டினா கைதட்டாத குறைதான். மேலே வரும்போது மட்டும் முட்டி இன்னும் முரண்டு பிடித்தது. அன்பரசன் ஒவ்வொரு சுற்றுக்கும் இடுப்பைத் தூக்கித் தூக்கி அதைத் தாண்ட வைத்தான். போகப் போகச் சரியாய்விடும் என்றாள் அவள். அவனும் சரி என்றான். மறுநாள் காலை ரோட்டில் இறங்கினான்.

பால் பூத்தைத் தாண்டி, டீக்கடைவரைக்கும் போனான். அவ்வளவு தடிமனான சோலுக்கு அடியில் பெடல் எங்கே இருக்கிறது என்றே காலுக்குத் தெரியவில்லை. இடுப்பைத் தூக்கிய ஒரு சமயத்தில் ஷூ வழுக்கியது, பாதம் வெளியே போனது, சைக்கிள் இடது பக்கமாகச் சாய்ந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து ஓடி வந்தார்கள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, முழங்கையில்தான் சிராய்ப்பு. ஒருத்தர் தண்ணீர் கொடுத்தார், ஒருத்தர் சைக்கிளை நிமிர்த்தினார், ஒருத்தர் குனிந்து அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்பரசன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் சுவரைப் பார்க்கச் சாத்திவைத்தான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. முட்டி வலிக்கிறது என்பான், வெயில் ஏறிவிட்டது என்பான், டயரில் காற்று கம்மி என்பான். கிறிஸ்டினா முதலில் கெஞ்சினாள், பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. முட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. காலையில் அவன் கட்டிலை விட்டு எழுந்திருக்க இடது காலைக் கையால் தூக்கி வைப்பதை, அடுப்படியிலிருந்து அவள் பார்க்காதது போலப் பார்ப்பாள். மயக்கம் கொடுத்து மடக்குகிற நினைப்பு வரும்போதெல்லாம் ஈஸ்டருக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணுவாள்.

ஒரு சனிக்கிழமை, கம்பெனியில் அரை நாள். வேலூர் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும், பங்குனியிலேயே ஓடு காய்ந்து வீடு கொதித்தது. கரண்டும் இல்லை. கிறிஸ்டினா துடுப்பால் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அன்பரசன் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

"அடியில ரப்பர் ஒட்டிட்டா வழுக்காது," என்றாள் அவள், பானையைப் பார்த்துக்கொண்டே. "திங்கக்கிழம பண்ணிடுறேன். கொஞ்சம் வரி வரியா இருந்துச்சின்னா—"

"வேணாம் கிறிஸ்டி."

"இன்னா வேணாம்?"

"அந்த ஷூ வேணாம்."

துடுப்பு நின்றது. கோபம் வந்தால் அவளுடைய நீங்க, நீ ஆகிவிடும்.

"அப்ப போய்ப் படுத்துக்கோ. மயக்கம் குடுத்து அவங்களே மடக்கட்டும். நான் இன்னாதான் பண்றது? எல்லாரும் சோறு துன்றப்ப நான் உன் ஷூ சோலப் புடிச்சிக்கினு குந்திக்கினு இருந்தேன். பில்கிஸ் கூட சொன்னா, நான்தான் கேக்கல. உனக்கு நல்லா ஆவணும்ற ஆசையே இல்ல, அதான்."

அன்பரசன் உரித்த பூண்டைத் தட்டில் வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.

"அந்தப் பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சி."

"எந்தப் பொண்ணு?"

"ஆஸ்பத்திரிப் பொண்ணு. நீ மாத்தர வாங்கப் போனப்ப. ஒசரத்த ஷூவுல ஏத்தாதீங்கண்ணா, பெடல்ல ஏத்துங்கன்னு சொல்லிச்சி. பெடல்மேல ஒரு கட்டை. அந்தப் பக்கம் மட்டும் பெடலத் தாங்குற கம்பி, கிராங்கு, அத சின்னதா போட்டுக்கங்க, சின்னப் பசங்க சைக்கிளோடது. பெடல் சுத்துற வட்டம் சின்னதாய்டும், அப்ப முட்டி கம்மியா மடங்கினா போதும்னு. காயிதத்துல ரெண்டு வட்டம் போட்டே காட்டிச்சி."

கிறிஸ்டினா அவனையே பார்த்தாள். "அப்ப ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"எப்பிடி சொல்றது? நீ மேல வந்தப்ப அந்தப் பொண்ணு உன் ஷூவத்தான் புடிச்சிக்கினு இருந்துச்சி. நல்லாக்குதுன்னு சொன்னவொடனே உன் மூஞ்சி எப்பிடி ஆச்சி தெரியுமா? நான் அடிபட்டதுலேர்ந்து உன் மூஞ்ச அப்பிடி பாக்கல. சரி, ஊட்டுக்குப் போய் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ இன்னொண்ணு தெச்சி எடுத்தாந்துட்ட. அத கழட்டி வெச்சிட்டு மிதிக்க மனசு வர்ல."

"அதுக்காவ வுழுந்து எழுந்தியா?"

"வுழுவேன்னு எனக்கு இன்னா தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக, மீதியையும் சொல்லிவிட்டான்.

"பெடல்ல கட்டை வெச்சா போறவன் வர்றவனுக்கெல்லாம் தெரியும். எனக்கு ஒண்ணும் இல்ல கிறிஸ்டி. லாரிக்கு அடியில போய்ருந்தா இன்னா பண்ணிருப்பேன், கால் இருக்குதே. நீ தாங்க மாட்ட. அன்னிக்கி சர்ச்சுலேர்ந்து வந்து நீ சோறு துன்னாம படுத்துக்கினத நான் பாத்தேன்."

களி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. இத்தனை நாளும் அவன் கூச்சப்படுகிறான், அவன் கூச்சத்துக்காகத்தான் மறைத்துத் தைக்கிறோம் என்று கிறிஸ்டினா நம்பியிருந்தாள். கூச்சம் தன்னுடையது. அதை அவன் காலில் மாட்டிவிட்டிருக்கிறோம், அவனும் வாயைத் திறக்காமல் சுமந்திருக்கிறான். இது விளங்கியதும் அவளுக்குத் தாங்க முடியாத வெட்கமாகவும், அதே அளவுக்கு அவன்மேல் பிரியமாகவும் இருந்தது. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, பானையை இறக்கினாள்.

"துன்னுட்டு கெளம்புங்க," என்றாள். "கோதண்டபாணி அண்ணன் கட தொறந்துதான் இருக்கும்."

தீய்ந்த களியையே இருவரும் சாப்பிட்டார்கள். போகும்போது அவள் பழுப்பு ஷூவையும் தோல் வெட்டும் கத்தியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள்.

கோதண்டபாணிக்குச் சொன்னது முதலில் ஏறவில்லை. ஒரு பக்கம் பெரிய கிராங்கு, இன்னொரு பக்கம் சின்னதா? முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறான், அப்படி ஒரு சைக்கிள் தன் கடையிலிருந்து வெளியே போனால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று அவனுக்குத் தன் பேரைப் பற்றிக் கவலை வந்துவிட்டது.

"ரெண்டு பக்கமும் ரெண்டு அளவு. ஊரு சிரிக்கும்மா."

"ஷூவே ரெண்டு அளவுலதாண்ணா தெச்சேன்," என்றாள் கிறிஸ்டினா. "நீங்க போடுங்க."

சின்னப் பிள்ளைகள் சைக்கிள் ஒன்று கடைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. அதன் இடது கிராங்கைத் தட்டிக் கழற்றினான். நல்ல காலம், உடைந்தது இடது கால். சங்கிலி ஓடுவது வலது பக்கம் என்பதால் இடது கிராங்கை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். அவன் கிராங்கின் பின்னை அடித்து இறுக்கிக்கொண்டிருந்தபோது, கிறிஸ்டினா ஸ்டூலில் உட்கார்ந்து பழுப்பு ஷூவை மடியில் கவிழ்த்தாள். தானே போட்ட தையலைத் தானே அறுத்தாள். கோதண்டபாணி சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தான், அன்பரசன் பார்க்க முடியாமல் ரயில்வே கேட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த நேரத்துக்குச் சரியாகப் பெங்களூர் வண்டி ஒன்று நீளமாகக் கத்திக்கொண்டு போனது.

சோல் தனியாக வந்தது. அதைக் குறுக்கே இரண்டாக வெட்டினாள். பெடலின் ஒரு முகத்தில் மட்டும் கட்டை இருந்தால் கனத்தில் கவிழ்ந்துகொள்ளும் என்று கோதண்டபாணி சொன்னான், அது நியாயமாகவும் இருந்தது. முன்பாதி ஒரு முகத்துக்கு, குதிகால் பாதி மறு முகத்துக்கு. துளை போட்டு நட்டு போல்ட்டால் முடுக்கினார்கள். பாதம் நழுவாமல் இருக்க, வெளியோரத்தில் ஒரு விரல் உயரத்துக்குத் தோலில் வரப்பு மாதிரி தைத்தாள். காலைக் கட்டிவைக்க வார் வேண்டுமா என்று அவன் கேட்டதற்கு, வேண்டாம், விழுந்தால் கால் உடனே வெளியே வர வேண்டும் என்றாள். வழுக்காமல் இருக்கப் பழைய டயரிலிருந்து ஒரு துண்டை மேலே ஒட்டினாள்.

அப்புறம்தான் சீட். வலது கால் பெடலோடு கீழே போய் நிற்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்கிற உயரத்துக்கு ஏற்றினார்கள். அன்பரசன் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தான், இடது காலில் வெறும் ரப்பர் செருப்பு. கிறிஸ்டினா பின்னால் போய் நின்றுகொண்டு அவன் இடுப்பையே பார்த்தாள். தையலில் நூலிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் அது.

"ஆடுது. எடது பக்கம் தூக்குது. கட்டை ஜாஸ்தி."

கட்டையிலிருந்து ஒரு அடுக்கை உரித்தாள். திரும்ப மிதிக்கச் சொன்னாள். இன்னும் ஒரு அடுக்கை உரித்தாள். கூன் போட்டு உட்காராமல் இருக்க ஹேண்டில் பாரைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னாள். கோதண்டபாணிக்கு இப்போது வேகம் வந்துவிட்டது, சொல்லச் சொல்ல ஸ்பேனர் ஓடியது.

"இப்ப மிதிங்க."

இடது பெடல் கீழிருந்து கிளம்பியது. அன்பரசன் பழக்க தோஷத்தில் பல்லைக் கடித்து, இடுப்பைத் தூக்கத் தயாரானான். முட்டி மேலே வந்தது, கொஞ்சம் தயங்கியது, தாண்டிவிட்டது. அவன் நம்பாமல் இன்னொரு சுற்று மிதித்தான். மறுபடியும் தாண்டியது. பின் சக்கரம் கிரிகிரி என்று சுற்ற ஆரம்பித்தது. கோதண்டபாணி வாயில் வைத்திருந்த பீடியைப் பற்றவைக்க மறந்து, டேய் அன்பு, டேய் அன்பு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். கிறிஸ்டினா அழுதாள். மறைக்கவெல்லாம் இல்லை.

அந்த வாரம் முழுக்க, விடிந்ததும் பாலாற்றுக்குப் போகிற மண் பாதையில் பழகினான். நின்றால் இடது காலை ஊன்றுவது அவனுடைய பழைய வழக்கம், அதை மாற்றி வலது காலை ஊன்றக் கற்றுக்கொள்ளத்தான் நேரம் பிடித்தது. கிறிஸ்டினா கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். வியாழக்கிழமை வாக்கில் ஓடுவதை விட்டுவிட்டு நின்றாள். அவன் கருவேல மரங்களைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை குருத்தோலைத் திருநாள். சர்ச்சிலிருந்து கிளம்பி, ஓலையைப் பிடித்துக்கொண்டு பாடியபடி காலனி முழுக்கச் சுற்றி வருவது அங்கே வழக்கம். அவ்வளவு தூரம் அன்பரசனால் நடக்க முடியாது என்று சர்ச்சுப் போதகர் ஐயர், அவனை சர்ச்சிலேயே உட்கார்ந்துகொள்ளச் சொல்லியிருந்தார். அவன் ஹேண்டில் பாரில் ஒரு ஓலையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்து நின்றான். இயேசு ஏறி வந்த கழுதைக்குப் பதிலா சைக்கிளா என்று ஐயர் சிரித்தார். கூட்டம் ஒரு தெருவைச் சுற்றி வருவதற்குள், அவன் முன்னால் போய் மூலையில் வலது காலை ஊன்றி நிற்பான், கூட்டம் வந்ததும் மறுபடி கிளம்புவான்.

கிறிஸ்டினா பெண்களோடு நடந்து வந்தாள். ஒரு கையில் ஓலை, இன்னொரு கையில் அவனுடைய கறுப்பு இடது ஷூ. இறங்கினால் போட்டுக்கொள்ள வேண்டுமே. தண்ணீர்த் தொட்டி மூலையில் அன்பரசன் நின்றுகொண்டிருந்தபோது கூட்டம் அங்கே வந்து சேர்ந்தது. பட்டம்மாள் பாட்டை நிறுத்திவிட்டு, ஊர் வழக்கப்படி, முதலில் அவன் காலைப் பார்த்தாள். அவள் குரல்தான் தெரியுமே.

"இன்னாம்மா கிறிஸ்டினா, பெடல்ல இன்னா அது?"

நாலைந்து பெண்கள் திரும்பினார்கள். அன்பரசன் சட்டென்று கிறிஸ்டினாவைப் பார்த்தான். அவளுக்குக் காது சுட்டது. கறுப்பு ஷூவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு எடது காலு கட்டை பெரிம்மா," என்றாள், பட்டம்மாள் குரலுக்குச் சமமான குரலில். "ஒன்ற இஞ்ச் கம்மி. அதான் பெடல ஏத்தி வெச்சிக்குறேன்."

பட்டம்மாள் குனிந்தாள். கட்டையைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள், வரப்பைத் தடவினாள். அவளும் ஒரு காலத்தில் லைனில் உட்கார்ந்தவள்தான்.

"கெட்டியாத்தான் போட்டுக்குற. இன்னா, தையல் வெளிய தெரியுது."

"தெரியட்டும் பெரிம்மா."

பின்னால் இருந்தவர்கள் பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள். அன்பரசன் வலது காலால் தரையை உந்தினான். இடது முட்டி மேலே வந்து, மடங்கி, தாண்டியது. கிறிஸ்டினா ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.